பழைய கெசட் செட் ட்ரான்ஸ்போமரில் அம்ப் கட்டுகிறேன், பிளக்கைச் சொருகும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பாலையூற்றுப் பொடியன் | வெள்ளி, இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். ஏ.எல். சோதனை முடிந்து வீட்டில் இருக்கிறேன். அப்பா கலியாணத்துக்கு முன்பே வாங்கிய இரண்டு மர ஸ்பீக்கர் பெட்டிகள் எங்கள் விறாந்தையில் பூச்சாடி தாங்கிக்கொண்டு நிற்கின்றன. பின்பக்கத்தில் 8 ஓம் என்று எழுதியிருக்கிறது. ஒன்றரை வோல்ட் பற்றரியால் தொட்டுப் பார்த்தேன், இரண்டும் 'டொக்' என்று உயிரோடுதான் இருக்கின்றன. அப்பாவின் அடுத்த பிறந்தநாளுக்குள் ஒரு ஸ்டீரியோ அம்ப் (அம்ப்ளிஃபயர்) கட்டி அவருக்குக் கொடுக்க ஆசை.

கையில் இரண்டு ட்ரான்ஸ்போமர் உண்டு. ஒன்று பழுதான யூ.பி.எஸ்ஸில் கழற்றியது, நல்ல பாரம். மற்றது உடைந்த கெசட் செட்டில் இருந்தது. அதில் ஒரு பக்கம் இரண்டு வயர், மறுபக்கம் மூன்று, எழுத்து ஒன்றும் இல்லை. ஒலியைப் பெருக்கும் டி.டி.ஏ.2030 ஐ.சி. இரண்டும், அதற்கான போர்ட்டும் கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கி வைத்திருக்கிறேன்.

போர்ட் வேலை எனக்குப் பயமில்லை, ஈயம் ஒட்டிப் பழக்கம் இருக்கிறது. பயம் 230 வோல்ட் பக்கம்தான். எந்த ட்ரான்ஸ்போமர் நல்லது? எந்த வயர் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மூன்று பின் பிளக் கட்டாயம் வேண்டுமா?

டைக் வீதி ரேடியோக்காரர் | வெள்ளி, இரவு 9.25

தம்பி, கேட்டுவிட்டுத் தொடங்குகிறீர்களே, அது பெரிய விஷயம். நான் முப்பது வருடமாக ரேடியோவும் அம்பும் திருத்துகிறேன். என்னிடம் வரும் பொடியன்களில் பாதிப்பேர் புகை வந்த பிறகுதான் கேட்க வருவார்கள்.

யூ.பி.எஸ் ட்ரான்ஸ்போமரை ஒதுக்கி வையுங்கள். பாரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். அது கரண்ட் போனதும் ஐந்து பத்து நிமிடம் கம்ப்யூட்டரைத் தாங்கி நிறுத்தச் செய்த சாமான். நாள் முழுக்க ஓடும்படி சுற்றியதல்ல. 230 வோல்ட்டில் தொடர்ந்து விட்டால் சும்மா நின்றபடியே சூடேறும், உறுமும். போதாததற்கு ஒரு பக்கத்தில் நாலைந்து வயர் வந்திருக்கும், தவறான இரண்டில் 230ஐக் கொடுத்தால் கதை முடிந்தது. பற்றரிப் பக்கமும் பெரும்பாலும் 7, 8 வோல்ட்தான். உங்கள் அம்புக்கு அது காணாது.

கெசட் செட்டில் இருந்ததுதான் சரி. அது பாட்டுப் பாடப் பிறந்தது.

எந்தப் பக்கம் எது என்பதை மீட்டரை ஓமில் வைத்துப் பாருங்கள். கரண்ட் எதுவும் கொடுக்க வேண்டாம். 230 பக்கம் மெல்லிய கம்பி, ஆயிரத்துக்குக் கிட்டச் சுற்று இருக்கும். அதனால் பத்துக் கணக்கில் ஓம் காட்டும், சின்ன ட்ரான்ஸ்போமர் என்றால் நூற்றுக் கணக்கில். வோல்ட் குறைந்த பக்கம் தடித்த கம்பி, ஒரு ஓமுக்கும் குறைவு. மூன்று வயரில் எந்த இரண்டுக்கு நடுவில் ஆகக்கூடிய அளவு வருகிறதோ அவை ஓரங்கள், மிச்சம் உள்ளது நடு.

230 பக்கம் ஒன்றுமே காட்டாமல் திறந்து கிடந்தால், பலவற்றில் மேல் காகிதத்துக்கு அடியில் ஒரு சின்ன வெப்ப பியூஸ் இருக்கும், அது போயிருக்கலாம். சிலர் அதை வெட்டி நேராக இணைத்து 'வேலை செய்யுது' என்பார்கள். அந்த பியூஸ் ஒருமுறை உருகியது என்றால் அந்தச் சுற்று ஒருமுறை வெந்திருக்கிறது. அந்த ட்ரான்ஸ்போமரைக் குப்பையில் போடுங்கள்.

கடைசியாக, இரண்டு பக்கத்துக்கும் இடையிலும், ஒவ்வொரு பக்கத்துக்கும் இரும்புக்கும் இடையிலும் அளக்க வேண்டும். ஒன்றுமே காட்டக்கூடாது. மீட்டருக்குள் இருப்பது 9 வோல்ட் பற்றரி என்பதால் இதை முழுதாக நம்பவும் முடியாது. யாராவது வயர்மேனிடம் 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) இருந்தால் அதில் ஒருதரம் பார்த்துவிடுங்கள்.

நிலாவெளிக் காற்று | வெள்ளி, இரவு 10.02

ஏன் இவ்வளவு கஷ்டம்? ஜப்பான் செட்டுகளுக்கு 230ஐ 110 ஆக்குகிற பெட்டி எங்கள் வீட்டில் சும்மா கிடக்கிறது. இப்படி ஒன்றை எடுத்து, 110ஐ இன்னும் கொஞ்சம் குறைத்தால் ஆகாதா? எல்.ஈ.டி. பல்புக்குள் ட்ரான்ஸ்போமரே இல்லாமல் ஒரு கப்பாசிட்டரால் வோல்டைக் குறைத்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். பாரமும் மிச்சம், காசும் மிச்சம்.

கோணேசபுரி மாணவி | வெள்ளி, இரவு 10.31

அண்ணா, தயவுசெய்து இரண்டுமே வேண்டாம். நான் பௌதிகம் படிக்கிறவள், இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

ட்ரான்ஸ்போமர் வோல்டைக் குறைப்பது பாதி வேலைதான். நம் உயிரைக் காப்பது மற்றப் பாதி. 230 ஓடும் கம்பிக்கும் நாம் தொடும் கம்பிக்கும் நடுவே செம்பு இணைப்பே கிடையாது, காந்தப் புலம் மட்டுந்தான் கடந்து வருகிறது. தெருக் கம்பத்தில் நியூட்ரல் நிலத்தோடு கட்டப்பட்டிருப்பதால், நிலத்தில் நின்று லைனைத் தொட்டால் ஷொக் அடிக்கிறது. நல்ல ட்ரான்ஸ்போமரின் மறுபக்கம் அந்த நிலத்தோடு எந்த உறவும் இல்லாமல் தனியே நிற்கும்.

110 பெட்டிகளில் பல ஒரே சுற்றுக்கு நடுவில் வயர் இழுத்தவை. அங்கே பிரிவு என்பதே இல்லை. பிளக் மாறிச் சொருகப்பட்டால், 110 என்று எழுதிய ஓட்டையிலேயே நிலத்தைப் பார்த்து 230 நிற்கும். கப்பாசிட்டர் வழியும் அப்படித்தான். எல்.ஈ.டி. பல்பில் அது சரி, ஏனென்றால் பிளாஸ்டிக் மூடிக்குள் யாரும் கை வைப்பதில்லை. அம்பில் அப்படியா? ஸ்பீக்கர் வயர், ஃபோன் வயர், வொல்யூம் குமிழ் எல்லாமே கையால் தொடுகிறவை. அந்த ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டு ஒருவர் இருப்பதை நினைத்துப் பாருங்கள்.

உங்கள் பெட்டியைப் பிளக் கழற்றிவிட்டு மீட்டரில் பாருங்கள் அண்ணா. 230 பின்னுக்கும் 110 ஓட்டைக்கும் இடையில் சில ஓம் காட்டினால் ஒரே சுற்று.

நிலாவெளிக் காற்று | வெள்ளி, இரவு 10.58

பார்த்தேன். 4 ஓம் காட்டுகிறது. இத்தனை வருடம் இதில் கொழுவித்தான் அம்மா ஜப்பான் ரைஸ் குக்கர் பாவித்தா. நன்றி தங்கச்சி. இன்றைக்கே அதன் மேல் எழுதி ஒட்டுகிறேன்.

பாலையூற்றுப் பொடியன் | ஞாயிறு, மாலை 6.15

அளந்துவிட்டேன். இரண்டு வயர் பக்கம் 38 ஓம். மூன்று வயர் பக்கம் ஓரத்துக்கு ஓரம் 0.9, நடுவுக்கு அதில் பாதி. இரும்புக்கு எதுவும் இல்லை. சித்தப்பா தன் நண்பரிடம் மெகர் வாங்கி வந்தார், அதிலும் முள் அசையவில்லை.

பிறகு சித்தப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கரண்ட் கூடிவிடாமல் 60 வாட் குண்டு பல்பைத் தொடரில் போட்டு 230 கொடுத்தோம். பல்பு ஒரு கணம் மினுங்கி அணைந்தது. மறுபக்கம் நடுவில் இருந்து ஒவ்வொரு ஓரத்துக்கும் 13.4 வோல்ட். ஆகவே இது 12-0-12 (நடுவில் இருந்து இரு பக்கமும் 12 வோல்ட்) தானே? டி.டி.ஏ.2030க்குப் போதும் என்று நினைக்கிறேன்.

கோணேசபுரி மாணவி | ஞாயிறு, மாலை 7.10

அளவு அழகாக எடுத்திருக்கிறீர்கள் தம்பி. ஆம், அம்ப் கரண்ட் இழுக்கும்போது 12க்கு வரும், சும்மா நிற்கும்போது 13.4. ஆனால் இந்தச் சும்மா நிற்கும் நேரந்தான் ஐ.சி.யைக் கொல்லும்.

மீட்டர் காட்டும் ஏ.சி. வோல்ட்டை 1.414ஆல் பெருக்குங்கள், அதை டயோடு டி.சி. ஆக்கியதும் கப்பாசிட்டர் அந்த உச்சத்துக்குத்தான் நிரம்பும். 13.4 × 1.414 = 18.9. டயோடில் 0.7 போனால் 18.2. டி.டி.ஏ.2030 தாங்கும் உச்ச எல்லையே கூட்டல் கழித்தல் 18. பாட்டுப் போடாமல் சும்மா இருக்கும்போதே நீங்கள் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள்.

அதோடு, நீங்கள் அளந்தபோது சுவர்ச் சொக்கட்டில் எவ்வளவு வோல்ட் இருந்தது? நம் நாட்டில் 230க்கு மேலும் கீழும் 6 சதவீதம் அனுமதி உண்டு, 244 வரை போகலாம். மாலையில் எல்லா வீட்டிலும் ஃபேனும் லைட்டும் ஓடும்போது குறைந்திருக்கும். நடுச்சாமத்தில் பாருங்கள்.

பாலையூற்றுப் பொடியன் | திங்கள், அதிகாலை 12.20

இப்போதுதான் பார்த்தேன். சுவரில் 240. மாலையில் 228 ஆக இருந்தது. அப்படியென்றால் 13.4 என்பது 14.1 ஆகும், கப்பாசிட்டரில் 19.2. நித்திரையும் போச்சு, ஐ.சி.யும் போச்சு.

கோணேசபுரி மாணவி | திங்கள், காலை 7.45

போகவில்லை தம்பி, இன்னும் கொழுவவில்லையே! எல்.எம்.1875 என்ற ஐ.சி.யை வாங்குங்கள். அதன் ஐந்து காலும் டி.டி.ஏ.2030 போலவே அதே வரிசையில்தான் வரும், உங்கள் போர்ட்டிலேயே உட்காரும். மொத்தம் 60 வோல்ட் தாங்கும், அதாவது கூட்டல் கழித்தல் 30. உங்கள் 19 அதற்குப் பாதுகாப்பான இடம். 8 ஓம் ஸ்பீக்கரில் ஒரு பக்கத்துக்கு 10 வாட் அளவு கிடைக்கும். கடைப்பெட்டிகளில் ஆயிரம் வாட் என்று ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு 10 என்றால் சின்னதாகத் தெரியலாம். உண்மையான 10 வாட் உங்கள் விறாந்தையைத் தாண்டி ஒழுங்கை வரை கேட்கும்.

போலி ஐ.சி. நிறைய உலாவுகிறது, நம்பிக்கையான கடையில் வாங்குங்கள். கப்பாசிட்டர் 25 வோல்ட் போதாது, 35 வோல்ட் 4700 மைக்ரோஃபரட் எடுங்கள். கூட்டல் கழித்தல் பக்கம் மாறாமல் மும்முறை பாருங்கள். மாற்றிப் போட்ட கப்பாசிட்டர் வெடிக்கும், அதை முகத்துக்கு நேரே குனிந்து பார்த்துக்கொண்டு சுவிட்ச் போட வேண்டாம்.

கிண்ணியா வயர்மேன் | திங்கள், இரவு 8.05

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். மூன்று பின் கேள்விக்கு ஒருவரும் இன்னும் பதில் சொல்லவில்லை. தகரப் பெட்டி என்றால் கட்டாயம் மூன்று பின். இதில் பேரம் கிடையாது தம்பி.

பெட்டிக்குள் லைன் வயர் ஒருநாள் கழன்று தகரத்தில் படும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எர்த் இல்லாவிட்டால் அந்தப் பெட்டி முழுக்க 230, தொடுகிறவர் வரும் வரை அது காத்திருக்கும். எர்த் இருந்தால் கரண்ட் நிலத்துக்கு ஓடும், டிரிப் சுவிட்ச் (போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் வேறுபட்டால் விழுவது) தட்டிவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. நம் வீடுகளில் எர்த் என்பது முற்றத்தில் அடித்த கம்பிதான். எங்கள் திருகோணமலைப் பக்கம், உப்புவெளி, நிலாவெளி, திருக்கடலூர் எல்லாம் கடற்கரை மணல். மழைக்காலத்தில் ஈரம் இருக்கும், ஆவணியில் அந்த மணல் காய்ந்து பொரி மாதிரிக் கிடக்கும். போதாக்குறைக்கு உப்புக்காற்று கம்பியின் தலையில் உள்ள கிளாம்பைத் தின்றுவிடும். வயர் பச்சை பிடித்து, தொட்டால் கையோடு வருகிற எத்தனையோ வீடு பார்த்திருக்கிறேன். வீட்டுக்காரர் சொக்கட்டில் மூன்றாவது ஓட்டை இருக்கிறது, ஆகவே எர்த் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பார்.

கணக்குப் பாருங்கள். உங்கள் எர்த் 50 ஓம் என்றால் 230 வோல்ட்டில் ஓடுவது 4.6 அம்பியர். அதற்கு எந்தப் பெரிய பிரேக்கரும் விழாது. பெட்டி கரண்டோடு நிற்கும். 30 மில்லி அம்பியர் டிரிப் சுவிட்ச் மட்டும் உடனே விழும். அதனால் இரண்டும் வேண்டும், கம்பியும் வேண்டும், டிரிப்பும் வேண்டும். டிரிப்பில் இருக்கும் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருதரம் அமத்துங்கள். விழாவிட்டால் வயர்மேனைக் கூப்பிடுங்கள். நீங்களே பெட்டியைக் கழற்ற வேண்டாம்.

டிரிப் இருக்கிறது என்று தைரியமாகக் கையை விடவும் கூடாது. ஒரு கையில் லைனையும் மற்றதில் நியூட்ரலையும் பிடித்தால், போன கரண்ட் அத்தனையும் திரும்பி வந்துவிடுகிறது. டிரிப்புக்கு நீங்கள் ஒரு பல்புதான்.

டைக் வீதி ரேடியோக்காரர் | திங்கள், இரவு 9.40

நானா சொன்னது அத்தனையும் உண்மை. இதோடு ஒன்று சொல்ல வேண்டும், எழுத இப்போதும் கை தயங்குகிறது.

எனக்கு அப்போது 19 வயது. கோயில் திருவிழாவுக்கு நானே கட்டிய அம்பைக் கொண்டுபோனேன். ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல். யாரோ சொன்னார்கள், எர்த் வயரைக் கழற்று, நிற்கும் என்று. கழற்றினேன், நின்றது. எனக்குப் பெருமை. இரண்டாம் நாள் மழைத் தூறல். உள்ளே நான் முடிச்சுப் போடாமல் விட்ட லைன் வயர் இழுபட்டு சேசியில் (அம்பின் தகரப் பெட்டியில்) பட்டிருக்கிறது. என் தம்பி வெறுங்காலோடு ஈரத்தில் நின்று மைக்கை எடுத்தான். கையை விட முடியவில்லை அவனுக்கு. பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் பிளக்கை இழுத்தார். தம்பி பிழைத்தான், உள்ளங்கையில் தழும்பு இன்றும் இருக்கிறது. அவன் ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை.

அதனால் சொல்கிறேன், இரைச்சல் வந்தால் எர்த்தைக் கழற்றாதீர்கள். இரைச்சல் எர்த்தால் வருவதில்லை, நாம் உள்ளே நிலக்கம்பியை ஓட்டிய விதத்தால் வருகிறது. இரண்டு பெரிய கப்பாசிட்டரும் சேரும் நடுப் புள்ளிக்கு ட்ரான்ஸ்போமரின் நடு வயரைக் கொண்டு வாருங்கள். அங்கிருந்து ஸ்பீக்கரின் நிலம், போர்ட்டின் நிலம் எல்லாம் நட்சத்திரம் போல ஒவ்வொன்றாகத் தனியே போக வேண்டும். அந்தப் புள்ளியில் இருந்து பெட்டிக்கு ஒரே ஒரு இணைப்பு. டி.வி.யோடு கொழுவும்போது மட்டும் இரைந்தால், அந்த ஒரே இணைப்பில் 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்றும், அதற்குப் பக்கமாக எதிரெதிரே இரண்டு பெரிய டயோடும் போடலாம். பெட்டியின் எர்த் மட்டும் அசையக்கூடாது.

பாலையூற்றுப் பொடியன் | திங்கள், இரவு 10.15

ஐயா, இதை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, 'அவர் சொல்ற மாதிரியே செய்' என்று மட்டும் சொன்னா.

பெட்டிக்குள் எது எங்கே இருக்க வேண்டும்?

டைக் வீதி ரேடியோக்காரர் | செவ்வாய், காலை 6.30

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

230 வரும் மூலையை ஒரு தனி அறை என்று நினையுங்கள். வயர் நுழையும் ஓட்டையில் ரப்பர் வளையம், உள்ளே இறுக்கிப் பிடிக்க ஒரு கவ்வி. முடிச்சை மட்டும் நம்ப வேண்டாம், வயரைப் பிடிக்காமல் விட்டதன் விளைவைத்தான் மேலே எழுதினேன். லைன் வயர் முதலில் பியூஸுக்கு, பிறகு சுவிட்ச்சுக்கு, பிறகு ட்ரான்ஸ்போமருக்கு. உங்கள் ட்ரான்ஸ்போமரை 3 அம்பியர் என்று எடுத்தால் 24 × 3 = 72 வாட் அளவு, 230 பக்கம் 0.3 அம்பியர்தான் ஓடும். 630 மில்லி அம்பியர் மெதுவாக உருகும் பியூஸ் போதும். வேகமான பியூஸ் சுவிட்ச் போடும் கணத்திலேயே போகும். அதற்காக 5 அம்பியர் போட்டுவிட்டால் பியூஸ் இருந்தும் இல்லாத கணக்கு. எல்லா முனைக்கும் சூட்டில் சுருங்கும் குழாய் போடுங்கள், இன்சுலேஷன் டேப் நம் வெக்கையில் பிசின் இளகிக் கழன்றுவிடும்.

எர்த் வயருக்கென்று தனி ஆணி. ட்ரான்ஸ்போமரைப் பிடிக்கும் ஆணியில் சேர்த்துவிட வேண்டாம். பெயின்ற்றைச் சுரண்டி, பல்லுள்ள வாஷர் போட்டு இறுக்குங்கள். மூன்று வயரில் எர்த்தை ஒரு சாண் நீளமாக விடுங்கள். யாராவது வயரை இழுத்தால் லைனும் நியூட்ரலும் கழன்ற பிறகும் எர்த் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஒவ்வொரு பெரிய கப்பாசிட்டருக்கும் குறுக்கே 2.2 கிலோ ஓம், 1 வாட் ரெசிஸ்டர். பிளக்கைக் கழற்றி ஒரு நிமிடத்தில் அது வடித்துவிடும். அப்போதும் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டே கை வையுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் தட்டி வடிக்கும் பழக்கம் வேண்டாம்.

ஐ.சி.யின் முதுகுத் தகரம் கழித்தல் பக்கத்தோடு உள்ளே சேர்ந்தது. சூட்டை இழுக்கும் ஹீட் சிங்க் பெட்டியோடு தொட்டால் நேரே ஷோர்ட். கரண்ட் கடத்தாத மைக்காத் தாளும், ஆணிக்குப் பிளாஸ்டிக் கிண்ணமும் போட்டு, மீட்டரில் பார்த்துவிட்டு மூடுங்கள்.

முதல் தடவை குண்டு பல்பைத் தொடரில் போட்டே விடுங்கள். ஸ்பீக்கர் கொழுவ வேண்டாம். பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் நல்ல சகுனம், எரிந்தபடியே நின்றால் உடனே கழற்றுங்கள். ஒன்றை மறக்கக்கூடாது. பல்பு கரண்டின் அளவைத்தான் கட்டுப்படுத்தும், ஷொக்கை அல்ல. அந்த நேரம் காலில் செருப்பு, ஒரு கை பின்னால், பக்கத்தில் பிளக்கை இழுக்கத் தெரிந்த ஒருவர்.

பாலையூற்றுப் பொடியன் | அடுத்த ஞாயிறு, மாலை 5.50

முதல் தடவை பல்பு அணையவே இல்லை. சித்தப்பா அந்த நொடியே பிளக்கை இழுத்தார். ஒரு நிமிடம் காத்திருந்து, கப்பாசிட்டரில் மீட்டர் வைத்து, பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றினோம். இடது ஐ.சி.யின் மைக்காத் தாளில் ஊசி முனை அளவில் ஒரு ஓட்டை. ஹீட் சிங்கில் துளை போட்டபோது எழும்பிய பிசிறு குத்தியிருக்கிறது. மூடும் முன் மீட்டரில் பார்த்தேன், அப்போது சரியாக இருந்தது. கடைசியாக ஆணியை இன்னும் ஒரு சுற்று இறுக்கினேன், அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

பல்பு இல்லாமல் நேரே விட்டிருந்தால் டயோடோ ட்ரான்ஸ்போமரோ போயிருக்கும். பிசிறைத் தேய்த்து, புதுத் தாள் போட்டு, இறுக்கிய பிறகு மறுபடி அளந்து விட்டோம். பல்பு மங்கியது. ஸ்பீக்கர் முனையில் டி.சி. இடது 6 மில்லிவோல்ட், வலது 9. சரிதானே?

கோணேசபுரி மாணவி | ஞாயிறு, மாலை 6.20

மிக நல்லது. 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் ஸ்பீக்கருக்குப் பயமில்லை. இனிக் கொழுவலாம். முதலில் ஏதாவது பழைய சின்ன ஸ்பீக்கரைக் கொழுவுங்கள், அப்பாவின் பெட்டிகள் பிறகு.

கிண்ணியா வயர்மேன் | ஞாயிறு, இரவு 8.30

தம்பி, முற்றத்தில் எர்த் கம்பியின் தலையைப் பார்த்தீர்களா?

பாலையூற்றுப் பொடியன் | புதன், இரவு 7.15

நானா, பார்த்தேன். அது செம்பருத்திப் பற்றைக்குள் மறைந்து கிடந்தது. கிளாம்பு இருக்கிறது, வயர் இல்லை. எப்போது உக்கி விழுந்ததோ தெரியாது. டெஸ்ட் பொத்தானை அமத்தினால் டிரிப் விழுகிறது, அதனால் எல்லாம் சரி என்று இத்தனை நாளும் நினைத்திருக்கிறோம்.

கிண்ணியா வயர்மேன் | புதன், இரவு 7.40

அந்தப் பொத்தான் டிரிப்பை மட்டுந்தான் சோதிக்கும், எர்த்தைச் சோதிக்காது. இதை எல்லோருக்கும் சொல்லுங்கள். கம்பியும் பழையது என்றால் புதிதாக ஒன்றை அடித்து, ஓம் அளந்து தரச் சொல்லுங்கள். அதுவரை அம்பைக் கொழுவ வேண்டாம்.

பாலையூற்றுப் பொடியன் | சனி, இரவு 9.05

இன்று வயர்மேன் வந்து புதுக் கம்பி அடித்தார். 22 ஓம் காட்டியது. கிளாம்பின் மேல் கிறீஸ் பூசிவிட்டுப் போனார். செம்பருத்தியை அம்மா வேறு இடத்தில் நட்டுவிட்டா.

பூச்சாடிகளை இறக்கி, பெட்டிகளைத் துடைத்து, அம்பைக் கொழுவினேன். இரைச்சல் இல்லை, காதை ஸ்பீக்கரில் வைத்தால் மட்டும் லேசான 'ஸ்ஸ்'. அப்பா கடையில் இருந்து வந்து, ஒன்றும் சொல்லாமல் கதிரையை இழுத்துப் போட்டு நடுவில் உட்கார்ந்தார். இரண்டு மணி நேரம் ஓடிவிட்டது. ஹீட் சிங்கைத் தொட்டால் இளஞ்சூடு, ட்ரான்ஸ்போமரும் அப்படித்தான்.

யூ.பி.எஸ் ட்ரான்ஸ்போமரை என்ன செய்யலாம் ஐயா?

டைக் வீதி ரேடியோக்காரர் | சனி, இரவு 9.20

செம்பை நிறுத்து விற்று அப்பாவுக்கு ஒரு நல்ல ஸ்பீக்கர் வயர் வாங்குங்கள் தம்பி.